நான் எதையும் குடிக்கவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருந்து குடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி. ஒருவன் மருந்து குடித்தான் என்றால் சாவதற்காகக் குடித்தான் என்று பொருள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. இன்னமும் சின்னமனூர் கடைவீதியில் நடந்தால் யாராவது ஒருவர் குரலை இறக்கி, "இப்ப மனசு எப்படி இருக்கு ரைட்டரே?" என்று கேட்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பத்திர எழுத்தர். பத்திரத்தில் ஒரு சொல் தப்பாக விழுந்தால் பேரன் காலத்தில் கோர்ட்டுக்கு அலைவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, காகிதத்தில் எது தப்பாக இருந்தாலும் அதைத் திருத்தாமல் இருக்க முடியாத ஆளாகிவிட்டேன். தொழிலுக்கு நல்ல குணம். ஆஸ்பத்திரியில் அந்தக் குணம் என்னை எப்படிக் கெடுத்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் குளித்து, வேட்டி சட்டை உடுத்தி, ஒன்பதரை மணிக்கே கடையில் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு மணிக்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எழுத்து மங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன், அப்போதும் மங்கல். ஃபேனுக்கு நேர்கீழே உட்கார்ந்திருக்கிறேன், வேர்வை கொட்டுகிறது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறி, கடைசியில் முத்திரைத்தாள் மேலேயே ஒழுகியது. தொடைச்சதை தன்னால் துடித்தது. எதிரில் இருந்த அண்ணன் தம்பி மூன்று பேரும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தவர்கள். சேர்ந்து என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள்.

உள்ளூர் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். "மருந்து" என்று ஒரே வார்த்தை சொல்லி ஆம்புலன்ஸை வரவழைத்தார். என்னைக் கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என்னைப் பிழைக்க வைத்தவர்கள் அவர்கள்தான். என் பொறுமையைச் சோதித்தவர்களும் அவர்கள்தான்.

அவசரப் பிரிவில் முதல் கேள்வியே "எப்ப குடிச்சீக?" என்பதுதான்.

"குடிக்கல" என்றேன். வாய் நிறைய எச்சில். சொல் வருவதற்குள் நுரை வந்தது.

"பாட்டில் எங்க இருக்கு? பேரச் சொன்னா வைத்தியம் பாக்கச் சுளுவா இருக்கும்."

"குடிக்கல."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாக" என்றார் ஸ்ட்ரெச்சர் தள்ளிய பணியாளர். அவர் குரலில் கோபம் இல்லை, அனுபவம் இருந்தது. அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். காலையில் தின்ற இட்லியும் சாம்பாரும் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. உடுப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் மனைவி சகாயத்திடம் கொடுத்துவிட்டு, உடம்பைச் சோப்புப் போட்டுத் துடைத்து, ஐ.சி.யூ.வுக்குத் தள்ளினார்கள். என்னை உண்மையில் காப்பாற்றியதில் பாதி அந்தச் சோப்புத் தண்ணீர்தான் என்று இப்போது தெரிகிறது.

என் உடம்பில் என்ன நடந்தது என்று மூன்றாம் நாள் டாக்டர் விளக்கினார். நரம்பு, சதைக்கு ஒரு உத்தரவு அனுப்பும். உத்தரவு போய்ச் சேர்ந்ததும் அதை அழித்துவிட ஒரு நொதி இருக்கிறது. பூச்சி மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் உத்தரவு நிற்கவே நிற்காது. சுரக்கச் சொன்ன எச்சில் சுரந்துகொண்டே இருக்கும், துடிக்கச் சொன்ன சதை துடித்துக்கொண்டே இருக்கும், வயிறு கழிந்துகொண்டே இருக்கும், கால் தள்ளாடும், நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டும். பூச்சியும் அப்படித்தான் சாகிறதாம். இரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் பரிசோதனை. எனக்கு மிகவும் குறைந்திருந்தது. இதற்கு முறிவாக அட்ரோபின் என்ற ஊசியை எச்சில் வற்றும் வரை ஏற்றுவார்கள். எச்சிலோடு புத்தியும் கொஞ்ச நேரம் வற்றிப்போகும். இரண்டு நாள் என் கையைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்களாம். நான் கூரையைப் பார்த்து, இன்ன சர்வே எண்ணில் நான்கு எல்லைக்குட்பட்ட நிலம் என்று பத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேனாம். சகாயம் அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. மூச்சு இழுக்க இழுக்க உள்ளே போகாமல் நிற்பதை ஒருமுறை அனுபவித்தவனுக்கு மானம் அவமானமெல்லாம் கிடையாது. ஆனால் மூச்சு சீரான மறுநாளே எனக்கு மானம் திரும்பிவிட்டது.

விஷ வழக்கு என்றால் ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்லிவிட வேண்டுமாம். ஒரு ஏட்டு வந்தார். நல்ல மனிதர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடும்பத்துல எதுவும் பிரச்சனையா ரைட்டரே?"

"இல்ல."

"தொழில்ல?"

"இல்லய்யா. நான் குடிக்கவே இல்ல."

"சரி சரி, கையெழுத்துப் போடுங்க." வாங்கிப் பார்த்தேன். 'மன உளைச்சல் காரணமாக' என்று முன்பே எழுதிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

பிறகு எங்கள் பங்குச் சாமியார் வந்தார். நம்பிக்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். "ஃபாதர், நான் குடிக்கல" என்றேன். "ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்" என்று நெற்றியில் சிலுவை போட்டார். ஆண்டவருக்குத் தெரிந்தது இருக்கட்டும், ஃபாதருக்கு அல்லவா தெரிய வேண்டும். சித்தப்பா பால்மாவு டப்பாவோடு வந்து, வாழ்க்கையில் தோற்று ஜெயித்தவர்களைப் பட்டியல் போட்டார். எல்லாரும் அன்பானவர்கள். அந்த அன்பைத் தாங்கத்தான் முடியவில்லை.

மச்சினன் அருளப்பன் மட்டும் புத்தி சொல்லாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் திராட்சை விவசாயி. ஓடைப்பட்டிப் பாதையில் அவனுடைய பந்தல் தோட்டத்தை ஒட்டி, அக்காவுக்கு என்று அவன் கொடுத்த இடத்தில்தான் நாங்கள் வீடு கட்டிக் குடியிருந்தோம். அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?" என்றான்.

"என்னத்தச் சொல்ல, மாப்ள?"

"என்ன கஷ்டம்னு."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதே பொய். கட்டில் தலைமாட்டில் தொங்கிய காகிதத்தில், பூச்சிமருந்து குடித்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்த வைப்பதே என் முழுநேர வேலை ஆனது. வருகிற டாக்டர், நர்ஸ், மாத்திரை கொடுப்பவர் எல்லாரிடமும் அதைக் காட்டினேன். கண்காணிப்பாளருக்கு ஒரு மனு தயாரித்தேன். கை நடுங்கியதால் நான் சொல்லச் சொல்ல சகாயம் எழுதினாள்.

சாயங்காலப் பார்வை நேரத்தில் அவள் எங்கள் மகள் ஜெனியையும் தூக்கிக்கொண்டு வருவாள். ஜெனிக்கு மூன்று வயது. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள். எட்டு, ஒன்பது வார்த்தை பேசுவாள், அதற்கு மேல் வராது. நடந்தால் அடிக்கடி விழுவாள். வாய் ஒழுகிக் கவுனின் மார்பு எப்போதும் நனைந்தே இருக்கும். பல் முளைக்கிறது என்றார்கள். பல் எல்லாம் முளைத்து முடிந்த பிறகும் அதையே சொன்னார்கள். எங்கள் வம்சத்தில் பேச்சு லேட்டு என்று என் அண்ணன் சொன்னார். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம்.

"ஏங்க, இவளுக்கு மறுபடி வயித்தால போகுது" என்றாள் சகாயம்.

"மாத்திரை வாங்கிக் குடு. மேல எழுது. மேற்படி பதிவு உண்மைக்குப் புறம்பானது..."

அவள் எழுதினாள். ஜெனி என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எச்சில் ஒழுக நின்றாள். நான் மனுவின் மூன்றாம் பத்தியில் இருந்தேன்.

ஐந்தாம் நாள் என்னைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரிப் பச்சை உடுப்பைக் கழற்றலாம் என்றதும் பாதி உயிர் வந்தது. சகாயம் வீட்டிலிருந்து கைலியும் பனியனும் கொண்டுவந்திருந்தாள். எனக்கு முடியாமல் போன அன்று காலையில் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்த துணி. காலை பத்து மணிக்கு உடுத்தினேன். மதியம் சோறு தின்னும்போது எச்சில் ஊறியது. இரண்டு மணிக்குக் கண் மங்கியது. மூன்று மணிக்குப் பழையபடி நுரை.

இப்போது நடந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. நான் வார்டுக்குள்ளேயே மறுபடி குடித்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். சித்தப்பா கொண்டுவந்த டப்பாவைக் கொட்டிப் பார்த்தார்கள். சகாயத்தின் பையை ஒருவர் தலைகீழாக உதறினார். "என்னம்மா கொண்டாந்து குடுத்த?" என்று கேட்டார். பதிமூன்று வருஷம் கோயில் கோயிலாகப் போய்ப் பிள்ளை வரம் கேட்டவள், புருஷனுக்கு விஷம் கொண்டுவந்தவளாக அந்த வராந்தாவில் நின்றாள். எனக்குச் சத்தம் போடக் குரல் வரவில்லை.

அப்போதுதான் ஷீலா சிஸ்டர் வந்தார். கூடலூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். எனக்கு ஊசி போட்டுக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்று என் கைலியை முகர்ந்தார்.

"அக்கா, இந்தத் துணிய எங்கன காயப்போட்டீக?"

"பந்தல் கம்பில" என்றாள் சகாயம்.

"எந்தப் பந்தல்?"

"எங்க தம்பி திராட்சைப் பந்தல். வீட்டு ஓரமாத்தான் இருக்கு."

சிஸ்டர் கையுறை போட்டு என் கைலியையும் பனியனையும் உருவிப் பையில் கட்டினார். சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என்னைக் குழந்தையைத் துடைப்பது போலத் துடைத்தார். "எங்க அம்மா குமுளிக்கு மேல ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவுக. மருந்தடிச்ச அன்னைக்கு வந்தா எங்களத் தொட விடமாட்டாக. இந்த வாடை எனக்குத் தெரியும்" என்றார்.

திராட்சைப் பந்தல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்தூண் நட்டு ஆள் உயரத்தில் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பக்கக் கடைசி வரிசைக் கம்பியில் கொடி படரவில்லை. நல்ல வெயில், நல்ல காற்று. குடிவந்த முதல் வாரமே, "இவ்வளவு கம்பி இருக்க, துணிக்குத் தனியாக் கயிறு எதுக்கு?" என்று சகாயத்திடம் சொன்னவன் நான்தான். எங்கள் பாதையில் பந்தலை ஒட்டி இருக்கிற வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் காயப்போடுகிறார்கள். எனக்கு முடியாமல் போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் அருளப்பன் மாவுப்பூச்சிக்கு இரண்டு மருந்தைக் கலந்து, டப்பாவில் போட்டிருந்த அளவுக்கு மேலேயே ஊற்றி, விசைத்தெளிப்பானில் அடித்திருக்கிறான். கம்பியில் என் வேட்டியும் பனியனும் கைலியும் ஈரமாகத் தொங்கின. மறுநாள் அவற்றை உடுத்தி, வேர்வையில் ஊறி உட்கார்ந்து பத்திரம் எழுதியிருக்கிறேன். வாய் வழியாகப் போகாதது தோல் வழியாகப் போயிருக்கிறது.

டாக்டர் வந்தார். கேட்டார். ஆனாலும் முழுதாக நம்பவில்லை. "அப்ப உங்க மனைவிக்கு ஏன் ஒண்ணும் ஆகல?" என்றார்.

சகாயம் தலையைக் குனிந்துகொண்டாள். "தோட்டத்துல ஆம்பளையாள் வேலை செய்வாக சார். பொம்பளத் துணிய அங்கன போட மாட்டோம். என் துணி கொல்லைக்குள்ள கயித்துல காயும்."

டாக்டர் அந்தச் சீட்டை வாங்கி, பழைய வரியை அடித்து, தோல் வழி நச்சு, மருந்து பட்ட உடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐந்து நாள் பட்ட அவமானம் ஒரே கோட்டில் தீர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. மூச்சு வாங்கிக்கொண்டே, "சார், இதுல எனக்கு ஒரு நகல் வேணும். ஏட்டுக்கும் ஒண்ணு" என்றேன்.

ஷீலா சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. சகாயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிள்ளை துணி எங்கன காயும்?"

ஜெனியின் கவுனும் ஜட்டியும் என் துணியோடு பந்தல் கம்பியில்தான் காய்ந்தன. சின்னப் பிள்ளை துணிக்கு வெட்கம் ஏது. அதுமட்டுமா? பழைய துணிதான் மெத்தென்று இருக்கும் என்று என் பழைய கைலியை விரித்துத்தான் அவளைத் தூங்கவைப்போம். இரண்டு வருஷமாக அவள் அதில்தான் கவிழ்ந்து படுத்து, கைலி நுனியைச் சப்பிக்கொண்டே தூங்கினாள்.

எச்சில், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம். மூன்றாம் நாளே டாக்டர் இவற்றை எனக்கு விளக்கினார். நான் தலையாட்டிக் கேட்டேன். மூன்றடி தூரத்தில் அதே எச்சிலோடு என் மகள் நின்றாள். எனக்கு மனுவில்தான் கண். என்மேல் இதைவிடக் கோபம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

அன்றைக்கே ஜெனிக்கு இரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மதியம் வரை காத்திருந்தோம். ஊரில் எல்லாருக்கும் நான் சொல்ல நினைத்திருந்த ஒரு சொல்கூட அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவளுக்கும் நொதி குறைவு. என் அளவுக்கு இல்லை, ஆனால் குறைவு. குழந்தைகள் பிரிவில் சேர்த்தார்கள். நான் கீழ்த்தளத்தில், அவள் இரண்டாம் மாடியில். சகாயம் ஒருநாளில் எத்தனை முறை படி ஏறி இறங்கினாளோ. அருளப்பன் கணக்குப் பார்க்காமல் கவுண்டரில் பணம் கட்டிக்கொண்டே இருந்தான். யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அதனாலேயே அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குழந்தை டாக்டர் ஒரு அம்மா. நிதானமாகப் பேசினார். பெரியவர்கள் உடம்பில் ஏறியது இறங்கிவிடும், பிள்ளைகளுக்கு மூளையும் நரம்பும் வளர்ந்துகொண்டிருக்கிற வயசு, அவர்கள் உடம்பும் சின்னது, தோலும் மெல்லியது என்றார்.

"அப்ப இவ பேசாததுக்கு இதுதான் காரணமா டாக்டர்?"

"இதுதான்னு சொல்ல முடியாது."

"அப்ப இது இல்லையா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது. துணி, தண்ணி, இடம் எல்லாத்தையும் மாத்துங்க. ரெண்டு வார்த்தையச் சேத்துப் பேசுறாளான்னு பாருங்க. பால் குடு, அப்பா வா, இந்த மாதிரி. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க. பாக்கலாம்."

பாக்கலாம் என்ற அந்தச் சொல்லை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது மார்க்கையன்கோட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்தில் நெல் வயல். அங்கேயும் மருந்தடிக்கத்தான் செய்கிறார்கள். மருந்தடிக்காத இடமாகப் பார்த்துக் குடிபோக வேண்டுமென்றால் இந்தப் பள்ளத்தாக்கையே விட்டுப் போக வேண்டும். துணி வீட்டுக்குள் காய்கிறது. மூன்று வாரத்தில் எச்சில் நின்றது, வயிறு தேறியது. விழாமல் ஓடுகிறாள். பேச்சு மட்டும் ஒற்றை ஒற்றை வார்த்தைதான். நாலு மாதமாக அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் "பால்" என்றால், அடுத்ததும் வராதா என்று சகாயம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நிற்பாள். வராது. கொடுத்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் வந்தான். தோட்டத்திலிருந்து நேராக வந்திருக்கிறான். அவன் வண்டியை நிறுத்தியதும் ஜெனி ஓடினாள். அவளுக்கு மாமா என்றால் உயிர். அவனும் நினைப்பில்லாமல் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் சட்டையிலிருந்து அந்த வாடை வாசல் வரைக்கும் வந்தது.

"எறக்கு" என்றேன். "பிள்ளைய எறக்கு."

"காலைல அடிச்சது மச்சான். காஞ்சிருச்சு."

"எறக்கிட்டு வெளிய போ. இங்கன வராத."

அவன் இறக்கிவிட்டான். முகம் செத்துப்போய், வண்டியைத் திருப்பினான். சகாயம் அடுப்படியிலிருந்து வந்து, தம்பியைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள். ஜெனி வாசல்படியில் நின்று அழுதாள்.

"மாமா போகாத" என்றாள்.

அவள் மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னாள். "மாமா போகாத."

சகாயம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் கோபம் மட்டும் இறங்கவில்லை. "ஏலே, அங்கனயே நில்லு" என்று கத்தினேன். "சட்டையக் கழட்டிக் கீழ போடு. மொதல்ல குளி."

தெருக்குழாயில் வைத்து நானே அவனுக்குச் சோப்புப் போட்டேன். முதுகு, கழுத்து, விரல் இடுக்கு எல்லாம். முப்பத்தெட்டு வயது ஆள் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றான். என் சட்டையையும் வேட்டியையும் உடுத்திக்கொண்டு உள்ளே வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான். ஜெனி அவன் மடியில் ஏறிக்கொண்டாள்.

பாதிச் சாப்பாட்டில் அவன் இலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாளைக்கும் அடிக்கணும் மச்சான். மழை வருதுன்னு சொல்றாக, பெஞ்சா கொடியில நோய் ஏறிரும்."

ஜெனி அவன் மடியை விட்டு இறங்கவில்லை.